என் சுவரும் நீ அனுப்பிய திரைச்சீலையும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மாமாவும் அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் எனக்கு வாய் வராது. எழுந்து நின்று படிக்கச் சொல்வார்களே என்ற பயத்தில் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுதும்போது யாரும் என்னைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நீ அனுப்பிய திரைச்சீலையால் என் அறையின் பின்சுவரை இடிக்கப்போகிறார்கள்.

நீ உன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து இந்த வீட்டில் உன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அப்பா எடுக்க மாட்டார், அவர் எடுக்காததால் அம்மா எடுக்க மாட்டாள், அவர்களே எடுக்காதபோது எனக்கு ஏது தைரியம். அப்படியிருக்கும்போது பார்சல் வந்தது. பிரித்தால் நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட திரைச்சீலை ஒரு ஜோடி, கூட ஒரு வரி கடுதாசி இல்லை. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து ஒவ்வொரு ஜன்னலிலும் பிடித்துப் பார்த்தாள். நம் வீட்டு ஜன்னல்கள் உனக்குத் தெரியும், தலை நுழைந்தால் தோள் நுழையாது. திரைச்சீலையோ ஆள் உயரத்தையும் தாண்டுகிறது. வேறு யாராக இருந்தாலும் மடித்து அலமாரியில் வைத்திருப்பார்கள். அம்மா, திரைச்சீலைக்குத் தகுந்தபடி ஜன்னலை மாற்றிவிடலாம் என்றாள். ஜன்னலில் ஆரம்பித்த பேச்சு பெரிய ஜன்னலாகி, கடைசியில் பின்பக்கத்துக்கு ஒரு முழுக் கண்ணாடிக் கதவில் வந்து நின்றது. அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவைப்பார் என்று நம்பியிருந்தேன். "ஜன்னலெல்லாம் செல்லரிச்சுப் போச்சு. எப்படியும் மாத்தணும். அதோட இதையும் வச்சுடலாம்" என்றார். திரைச்சீலையை அனுப்பியது யார் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பார்சல் வந்த அட்டைப் பெட்டியை மட்டும் தூக்கிப்போட விடவில்லை. பழைய செருப்பு போட்டுவைக்க ஆகுமாம். அவர் கட்டிலுக்கு அடியில், விலாசம் எழுதிய பக்கம் வெளியே தெரிய இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் உறையில் எழுதினேன். செருப்பு எதுவும் இன்னும் உள்ளே போகவில்லை.

என் நிலைமையைக் கேள். நீ போன பிறகு உன் கட்டில் இருந்த இடத்தில்தான் என் மேசை. கம்பெனியிலிருந்து மூட்டையாகச் சட்டைகள் வரும், பட்டன் தைத்துத் திருப்பிக் கொடுப்பேன். அந்தப் பின்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தால் உலகத்தில் ஒருவருக்கும் நான் இருப்பது தெரியாது. இந்த வீட்டில் எனக்குப் பிடித்தது அந்தச் சுவர் ஒன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம் சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் இப்போது கார் கழுவுகிற இடம் வந்திருக்கிறது. கார் கழுவி முடியும் வரை ஆட்கள் உட்கார வரிசையாக நாற்காலி போட்டிருக்கிறார்கள், எல்லாம் நம் வீட்டைப் பார்த்து. இதுவரை பாவம், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி என்னைப் பார்ப்பார்கள்.

கதவுக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே சுவரே இல்லாமல் கதவுகள் மட்டும் வரிசையாக நின்றன. சில கதவுகள் மடிந்தன, சில இரண்டாகத் திறந்தன, சில ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போயின. அப்பா ஒரு கதவை விரலால் தட்டித் தரம் பார்த்தார். அந்தப் பக்கம் நின்ற இன்னொரு வாடிக்கையாளர் திறந்து, "யாரு வேணும்?" என்றார். அப்பா "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நகர்ந்தவர் அடுத்த கதவில் மூக்கை மோதிக்கொண்டார். "கதவு இருக்கான்னே தெரியலையேப்பா" என்றார் மூக்கைப் பிடித்துக்கொண்டு. "அதுதான் சார் இந்தக் கண்ணாடியோட விசேஷம்" என்று கடைக்காரர் மூக்குப் பட்ட இடத்தைத் துடைத்தார். அம்மா இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. பையிலிருந்து திரைச்சீலையை எடுத்து, ஸ்டூலில் ஏறி, ஒவ்வொரு கதவுக்கும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நாங்க திரைச்சீலை விக்கிறதில்லம்மா" என்றார் கடைக்காரர். "திரை எங்கிட்ட இருக்கு. இதுக்குத்தான் கதவு வாங்க வந்தேன்" என்றாள். அவர் தொழிலில் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. உதவிக்கு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா, உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்றார். எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. ஓடிப்போய் ஒரு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதுவும் கண்ணாடி. மூன்று பேரும் அங்கிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஓரத்தில் மங்கல் கண்ணாடி போட்ட கதவு ஒன்று நின்றது, ஆள் நின்றால் நிழல்தான் தெரியும். அதை விரலால் காட்டினேன். அம்மா உடனே, "இது எதுக்கு, வெளிய யார் வர்றாங்கன்னு தெரியாதே" என்றாள். "பின்பக்கமா யார் வரணும்?" என்றார் அப்பா. அம்மா திரைச்சீலையை மடிக்கத் தொடங்கினாள். நன்றாக மடித்த பிறகு, "தண்ணி கேன் போடுறவர்" என்றாள். தண்ணி கேன் எத்தனையோ வருஷமாக முன்வாசலில்தான் வருகிறது. அப்பா, "கம்பி வேணும், திருடன் வந்தா?" என்று மட்டும் கேட்டார். "வரட்டும். வந்தா உக்காந்து நாலு பட்டன் தச்சுட்டுப் போகட்டும்" என்றாள் அம்மா. வெளிப்பக்கம் திறக்கிற கதவு துணிக்கொடிக் கம்பத்தில் இடிக்கும், உள்பக்கம் திறப்பது என்னை இடிக்கும் என்பதால், பக்கவாட்டில் தள்ளுகிற தெளிவான கண்ணாடியே முடிவானது.

மேஸ்திரி வந்து கதவுக்கு அளவு கேட்டார். அம்மா திரைச்சீலையைக் கொடுத்தாள். அவர் அதைச் சுவரில் பிடித்துப் பார்த்துவிட்டு, "துணி மேல்தளத்தையே தாண்டுதே. கூரையத் தூக்கணுமா, தரையத் தோண்டணுமா?" என்றார். கீழே மடித்துத் தைத்தால் போயிற்று, எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே என்று கத்திரிக்கோலை எடுத்தேன். "அவ அனுப்புனதுல கத்திரி வைக்காத" என்றாள் அம்மா. அவ்வளவு நாளில் இந்த வீட்டில் 'அவ' என்று ஒலித்தது அன்றைக்குத்தான். அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். குடித்துவிட்டு வர வெகுநேரம் ஆயிற்று. கதவு மேல்தளம் வரை என்றும், மிச்சத் துணி தரையில் புரளட்டும் என்றும் தீர்ந்தது.

அம்மாவின் எண்ணம் எனக்குப் புரியாமல் இல்லை. முன்வாசலில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அதைத் தாண்டாமல் நீ வந்து போக அவளுக்கு ஒரு வழி வேண்டும். நீ வர வேண்டும் என்றுதான் எனக்கும். ஆனால் என் சுவர் வழியாகத்தான் வர வேண்டுமா? ஆகவே அக்கா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அது திரைச்சீலையே இல்லை, கட்டில் விரிப்பு என்று அம்மாவுக்கு ஒரு வரி எழுதிப்போடு. மேலே வளையம் தைத்திருக்கிறதே என்று கேட்பாள். உங்கள் ஊர்ப்பக்கம் கட்டில் விரிப்புக்கு வளையம் வைப்பார்கள் என்று சொல்லிவிடு. நீ சொன்னால் நம்புவாள். இடிக்க ஆள் வருவதற்குள் உன் கடிதம் வந்தாக வேண்டும்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவரை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், அதுவும் முதுகை மட்டும். நல்ல மாதிரிதான் தெரிந்தது. இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவர் இருக்கும் வரை அதில் சாய்ந்திருக்கும்,
உன் தங்கை

பின்குறிப்பு: தபாலில் போட வெட்கப்பட்டுக்கொண்டு இதை மேசையிலேயே வைத்திருந்தேன். அதற்குள் சுவரை இடித்துக் கதவையும் வைத்துவிட்டார்கள். வேலை முடிந்ததும் கதவு மாட்டியவர், "சார், நீங்க கேட்ட மாதிரி ஒரு சாவி கூடுதலா போட்டிருக்கேன்" என்று அப்பாவிடம் கொடுத்தார். ஆளுக்கு ஒன்று போக ஒன்று மிஞ்சியது. "இது எதுக்கு?" என்றாள் அம்மா. "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அப்பா நேராக என் மேசைக்கு வந்தார். உன் விலாசம் எழுதிய உறை மேலாகக் கிடந்தது. அதன்மேல் சாவியை வைத்தார். "எடை கூடும். ஸ்டாம்ப் பாத்து ஒட்டு" என்றார். போய் முன்வாசல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அதனால் மேலே எழுதியது எதையும் செய்யாதே. கட்டில் விரிப்பு என்றெல்லாம் எழுதி அம்மாவை அழவைக்காதே. சாவி இதற்குள் இருக்கிறது. கதவை இடதுபக்கமாகத் தள்ள வேண்டும். கண்ணாடி இருப்பது தெரியாது என்பதால், மோதிக்கொள்ளாமல் இருக்க அதில் ஒரு சிவப்புப் பட்டன் ஒட்டியிருக்கிறேன். என் கண் மட்டத்துக்கு இல்லை, உன் கண் மட்டத்துக்கு. திரைச்சீலையை அம்மா மூடவே விடுவதில்லை, வெளியே யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். கார் கழுவும் இடத்து நாற்காலிக்காரர்கள் நாள் முழுக்க அந்தப் பட்டனைத் தாண்டி என்னைத்தான் பார்க்கிறார்கள். சீக்கிரம் வா.