இடைவெளிப் பட்டையின் இலக்கியத் தொண்டு

இலக்கிய வரலாற்றில் எழுத்தாணிக்கு அடுத்தபடியாக வணங்கத்தக்க கருவி, விசைப்பலகையின் அடியில் நீளமாகப் படுத்திருக்கும் இடைவெளிப் பட்டையே. அதன் மகிமையை முதலில் உணர்ந்தவர் நம் நாவலாசிரியர்.

அவருடைய நாவலுக்கு மூன்று வருஷமாகக் கடைசி அத்தியாயம் மட்டும் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் நாவலையே கைவிட்டுவிடுவதாகப் பதிப்பாளர் சொல்லிவிட்டார். 'தினம் ஆயிரம் சொல்' என்று நாவலாசிரியர் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். அதைப் பார்த்ததுமே மேசையை விட்டு எழுந்து ஓடினார். ஆகவே எழுத்தாளர் சங்கம் கூட்டிய 'சொற்கணக்கோடு சிநேகம்' என்னும் சிறப்பு அமர்வுக்குப் போனார்.

"எண்ணைப் பாத்துப் பயப்படக் கூடாது. அதோட சிரிச்சு விளையாடணும்," என்று உறுமினார் சங்கத் தலைவர்.

கவிஞர் ஒருவர் எழுந்தார். "நான் எழுதுறதை எண்ணுறதில்ல. அழிக்கிறதைத்தான் எண்ணுறேன். நேத்து நாப்பது சொல்."

"எழுதினது?"

"முப்பத்தஞ்சு."

"மிச்ச அஞ்சு எங்கேர்ந்து வந்துச்சு?"

"உங்க தலைமையுரையிலேர்ந்துதான், தலைவரே."

பலத்த கைதட்டல். இனி அவரவர் சொல்லை அவரவர் இஷ்டம்போல் அளக்கலாம், ஆயிரத்துக்கு ஒரு தங்க நட்சத்திரம், அதை ஒட்ட ஆளுக்கொரு அட்டவணை என்று 'வரலாற்றுத் தீர்மானம்' நிறைவேறியது.

வீடு திரும்பியதும் நாவலாசிரியர் இடைவெளிப் பட்டையைத் தட்டி விளையாடத் தொடங்கினார். 'ஓடிக்கொண்டிருந்தான்' என்பது ஒரு சொல். 'ஓடி கொண்டு இருந்தான்' மூன்று சொல். கதாநாயகன் ஓடிய தூரம் அதேதான், உற்பத்தி மும்மடங்கு! புதன்கிழமைக்குள் பழைய அத்தியாயங்களையெல்லாம் பிரித்துப்போட்டு ஒன்பது நட்சத்திரம் ஈட்டிவிட்டார்.

அவர் மனைவி அதே பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். பிரிந்து கிடந்ததைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார்.

"அடிப்பாவி! ஒன்பதாயிரம் சொல் போச்சே!"

"இப்படிப் பிரிச்சுப் போட்டா சந்தி சிரிக்கும்ங்க. அது கிடக்கட்டும், கடைசி அத்தியாயம் எங்க?"

"அவசரப்படுத்தாத. இப்பதான் எனக்கும் எண்ணுக்கும் உறவு சுமுகமாகியிருக்கு."

"நமக்குள்ள இருக்கிற உறவைப் பத்தியும் ஒரு அமர்வு வைக்கச் சொல்லுங்க."

நாவலாசிரியருக்கோ நட்சத்திரக் கவலை. போன ஒன்பதை ஈடுகட்ட வேண்டாமா? நட்சத்திர அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் நேராக அன்றைய 'சாதனை'யை மும்முரமாக நிரப்பினார்.

வெள்ளிக்கிழமை பதிப்பாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். நாவலாசிரியர் அட்டவணையைப் பெருமையோடு நீட்டினார். பதிப்பாளர் உரக்கப் படித்தார்:

"'திங்கள்: ஆவேசம் வந்து மூவாயிரம் சொல் எழுதினேன். செவ்வாய்: கதாநாயகி அழுதாள், நானும் அழுதேன். புதன்: சாப்பிட மறந்தேன். வியாழன்: கடைசி அத்தியாயம் முடிந்தது. மனைவி படித்துவிட்டுக் காலில் விழுந்தாள்.'"

"எப்பங்க விழுந்தேன்?" என்றார் மனைவி.

பதிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த அத்தியாயத்தைக் கொஞ்சம் காட்டுங்க, சார்."

நாவலாசிரியர் தலையைச் சொறிந்தார். "அது... இனிமேதான் எழுதணும்."

"வேண்டாம், விடுங்க. நாவலை நிறுத்திடலாம். இந்த அட்டவணையைப் புத்தகமாப் போட்டுடறேன்."

"அட்டவணையையா? எதுக்கு?"

"மூணு வருஷத்துல நீங்க சொந்தமாக் கற்பனை பண்ணி எழுதினது இது ஒண்ணுதானே, சார்!"