ஆள் ஏறினால் பொய் சொல்லும் எடை மெஷின்

தராசு ரிப்பேர்காரருக்கு ஞானம் பிறந்தது மருந்துக்கடை வாசலில். ஷூ லேஸ் கட்டக் குனிந்தார். லேஸ் தெரியவில்லை. நடுவில் வயிறு நின்றது. மூச்சு வாங்கி நிமிர்ந்தால், எதிரே அலமாரியில் மூன்று டப்பாக்கள். சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கும் ஷேக். டப்பா மேல் ஒருவன் வயிறே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

மூன்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். கூடத்தில் அவர் மனைவி, தையல் டீச்சர், சோபாவுக்கடியில் போன நூல்கண்டைத் தேடிக்கொண்டிருந்தாள். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில்தான் அவளுடைய வகுப்பு. பின்பக்க அறையைக் கேட்டுக் கேட்டு நாக்கு தேய்ந்துவிட்டது. அங்கே அவருடைய தராசுகள் குடியிருந்தன. பாதிக்கு மேல் உயிர் போனவை. ஆனாலும் அது அவருடைய சாம்ராஜ்யம்.

“இனிமே காலையும் ராத்திரியும் எனக்குச் சமைக்க வேணாம். இதுதான் சாப்பாடு.”

“இதுல என்ன இருக்கு?”

“என்ன இல்ல? புரோட்டீன், வைட்டமின், நார்ச்சத்து, எல்லாம் அளந்து போட்டிருக்கான். நன்மை ஒரு தட்டுல, தீமை ஒரு தட்டுல வெச்சு நிறுத்துப் பார்த்துட்டேன். நன்மைத் தட்டு தரையைத் தொடுது.”

“தீமைத் தட்டுல எதை வெச்சீங்க?”

அதில் அவர் எதையும் வைத்திருக்கவில்லை. டீச்சர் ஊசிக்கண்ணில் நூல் கோக்கும் பார்வையோடு டப்பாவின் பொடி எழுத்தைப் படித்தாள்.

“சிலருக்கு மலச்சிக்கல் வரலாமாம். சர்க்கரை இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டுக் குடிக்கணுமாம். அது கிடக்கட்டும், இதை நிறுத்தினா போன எடை திரும்பி வந்துடாதா?”

“திரும்பித் திரும்பி வர்றதுக்கு அது என்ன உன் தம்பியா?”

“என் தம்பி வந்தா ரெண்டு நாள்ல கிளம்பிடறான். உங்க தொப்பை கல்யாணமான மறு வருஷம் வந்தது. இன்னும் பெட்டியைக் கட்டல.”

ரிப்பேர்காரருக்கு வீரம் தலைக்கேறியது. “ஒரு மாசம். அஞ்சு கிலோ. குறையலேன்னா பின்பக்க அறை உனக்கு.”

“எந்த மெஷின்ல பார்க்கறது?”

“நம்ம வீட்டு மெஷின்லதான். நான் கை வெச்ச மெஷின் பொய் சொல்லாது.”

அவர் ஸ்கூட்டரின் பின்னால் பெயிண்டில் எழுதியிருந்த வாசகமும் அதுதான். மருந்துக்கடைக்காரரே சாட்சி என்று முடிவாயிற்று.

ஷேக் முதல் நாள் அமிர்தம். மறுநாள் பால். அதற்கடுத்த நாள் சுண்ணாம்புத் தண்ணீர். நாலாம் நாள் கால்கள் அவரைக் கேட்காமலே தெருமுனை பேக்கரிக்குக் கூட்டிப்போயின. சாப்பாட்டுக்குப் பதில் ஷேக், ஷேக்குக்குத் துணை கிரீம் பன் என்று ஏற்பாடு செய்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எடை பார்க்கும் நாள். டீச்சர் குளிக்கப் போனதும் மெஷினின் அடிமூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு சின்னத் திருகாணி. அதைத் திருகினால், ஆள் இல்லாதபோது முள் யோக்கியமாகப் பூஜ்யத்தில் நிற்கும். ஆள் ஏறினால்தான் பொய் சொல்லும். ஊரார் மெஷின்களை நேராக்கியே தலை நரைத்தவர், அன்று முதல்முறையாக ஒன்றைக் கோணலாக்கினார்.

“அட, ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கே,” என்றாள் டீச்சர்.

“பின்னே?” அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வெற்றியைக் கொண்டாட பேக்கரிக்கே போனார்.

அடுத்த ஞாயிறு இன்னும் இரண்டு கிலோவுக்குத் திருகிவிட்டு ஏறினார். முள் குறையவில்லை. ஆரம்பத்தில் இருந்ததைவிட ஒரு கிலோ கூடக் காட்டியது.

தொழில் தெரியாதவன் என்றால் மெஷினைச் சந்தேகப்பட்டிருப்பான். இவர் கணக்குப் போட்டார். நான் ஒளித்தது நாலு. அதையும் மீறி ஒன்று கூடியிருக்கிறது. அப்படியானால் நிஜத்தில் ஐந்து கிலோ ஏறிவிட்டேன். எடைக்கல்லை வைத்துச் சோதித்திருக்கலாம்தான். தன் கையைத் தானே சோதிப்பதா என்று கௌரவம் தடுத்தது.

பன் நின்றது. மதியச் சோறும் நின்றது. பேக்கரி இருந்த பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. மருந்துக்கடைக்காரர், “அண்ணே, வெறும் ஷேக்கை நம்பாதீங்க, ஒரு வேளையாவது மென்னு தின்னுங்க,” என்று சொன்னதால் மதியம் மட்டும் காய்கறியும் முட்டையும். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கருவிப்பையோடு நடந்தே கடை கடையாகப் போனார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எவ்வளவு திருகியும் முள் அந்த ஒரு கிலோ கூடுதலைவிட்டு இறங்கவில்லை.

“பேண்ட் மட்டும் நழுவுதே, ஏன்?” என்று ஒரு நாள் கேட்டார்.

“துணி மட்டம். துவைச்சுத் துவைச்சு லூசாயிடுச்சு,” என்றாள் டீச்சர். துணி விஷயத்தில் அவள் சொல்லுக்கு மறுசொல் ஏது?

மாதக் கடைசியில் சாட்சி வந்தார். ரிப்பேர்காரர் நழுவும் பேண்ட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு ஏறினார். அதே ஒரு கிலோ கூடுதல்.

“மெஷின்ல ஏதோ கோளாறு,” என்றார் தீனமாக.

“கோளாறா? நீங்க கை வெச்சதாச்சே அண்ணே.” மருந்துக்கடைக்காரர் கண்ணைச் சுருக்கினார். “அப்ப என் கடை மெஷினை வேற ஆள்கிட்டதான் காட்டணுமா?”

தெருவில் உள்ள அத்தனை கடைத் தராசுகளும் அவர் கண்முன் ஆடின.

“மெஷின் சரியாத்தான் இருக்கு,” என்றார். “நான்தான் சரியில்ல.”

சாட்சி போனதும் அடிமூடியைக் கழற்றினார். திருகாணியின் தலையில், இனி அசையாதபடி, புதிதாகச் சிவப்பில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். பக்கத்தில் டீச்சர், தையல் மெஷினுக்கு உண்டான குட்டி ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இது நீயா?”

“முதல் ஞாயித்துக்கிழமை நீங்க இறங்கினதும் நான் ஏறிப் பார்த்தேன். ஒரு வேளைகூட விடாம தின்னவ நான். எனக்கும் குறைஞ்சிருந்தது. அதுக்கப்புறம் நீங்க ஒரு சுத்து திருகினா, நான் எதிர்ப்பக்கமா ரெண்டு சுத்து.”

“அப்ப நிஜமா நான் குறைஞ்சிருக்கேனா?”

“நீங்க தூங்கறப்ப டேப் வெச்சுப் பார்த்துட்டேன். இடுப்புல மூணு இஞ்ச் காணோம்.”

“அப்ப ஜெயிச்சது நான்தான்!”

“ஆமா. போய் யார்கிட்ட சொல்லப்போறீங்க?”

அவர் யோசித்தார். சொல்வதென்றால் முதலில் ஸ்கூட்டர் வாசகத்தை அழிக்க வேண்டும்.

“உடம்புதான் லேசாயிடுச்சே,” என்றாள் டீச்சர். “அந்தத் தையல் மெஷினைத் தூக்கிட்டுப் போய் என் ரூம்ல வைங்க. முதல் வேலையா உங்க பேண்ட்டைப் பிடிச்சுத் தரேன்.”