கள்ளிக்குப்பத்துக் கேப் துப்பாக்கிப் போர்

வாழ்க பாஸ்கல்! கள்ளிக்குப்பத்து நான்கு மாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்து வேந்தன், நாற்பத்தோர் அகவை நிரம்பிய நெடுந்தோளன், துப்பாக்கி என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் தட்டிலிருக்கும் இட்டிலியையும் துறக்கவல்ல சிந்தையன், உலகத்துக் கைத்துப்பாக்கிகள் அனைத்தின் பிறந்த ஆண்டையும் எடையையும் குழல் நீளத்தையும் நாவின் நுனியில் ஏந்தியவன், அவற்றுள் ஒன்றையேனும் தன் வாழ்நாளில் தொட்டறியாத தூயவன். அவன் புகழை நான் பாடத் தொடங்கும் இவ்வேளையில், பாதி நாள் ஓடியும் பாதி நாள் நின்றும் எங்களுக்குப் பொறுமை கற்பிக்கும் லிப்ட் தெய்வமே, இந்தக் கதையையாவது இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிறுத்திவிடாதே.

வாழ்க நாகப்பனும்! எதிரி இல்லாத வீரனைப் பாட எனக்குத் தெம்பில்லை. சேலத்தைத் துறந்து வந்து பாஸ்கலின் எதிர்வீட்டில் கொடி நாட்டியவன், கொள்முதல் பிரிவில் கோலோச்சுபவன், எப்பொருளைக் கண்டாலும் இதனால் என்ன பயன் என்று வினவும் பயன்பாட்டுப் பெருவழுதி. அவனும் துப்பாக்கியைத் தொட்டவன் அல்லன். இருவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே அலுவலகம். நாகப்பனுக்கு வண்டி ஓட்ட வராது. ஆகையால் ஐந்தாண்டுகளாகக் காலை எட்டே காலுக்குப் பாஸ்கல் முன்னும் நாகப்பன் பின்னுமாக ஒரே ஸ்கூட்டரில் ஏறி, ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் முட்ட, ஓ.டி. சிக்னலில் பச்சை விழுந்ததையும் மறந்து, பின்னால் நிற்கும் பேருந்தின் வசவையும் பொருட்படுத்தாமல், துப்பாக்கிகளைப் பற்றி உரையாடியபடியே அவர்கள் பணிக்குப் போனார்கள்.

அத்தகைய நட்பு உடைந்தது தீபாவளிக்குப் பதினொரு நாள் முன்பு. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு புண்ணியவான் பட்டாசுப் படம் ஒன்றை இட, அதன் மூலையில் கிடந்த கேப் துப்பாக்கியைக் கண்ட பாஸ்கல், இது ஜெர்மானிய லூகரின் சாயல் என்று மொழிந்தான். ஒருமுறை சுட்டதும் அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் பழம்பெரும் கைத்துப்பாக்கிகளுள் லூகரே பேரழகி என்பது அவன் மதம். உருவத்தில் தடித்தாலும் உழைப்பில் குறையாத பிரவுனிங்கே தலைவி என்பது நாகப்பன் மதம். ஐந்தாண்டுகளாக ஸ்கூட்டரின் மீது மட்டுமே நடந்துவந்த அந்தச் சமயப் போர், அன்று அறுபத்துநான்கு வீட்டார் பார்க்கும் வெட்டவெளிக்கு வந்துவிட்டது.

குரல் பதிவில் முதலில் முழங்கியவன் பாஸ்கல். "லூகர பாரு அண்ணாத்தே! சாஞ்ச புடி, ஒல்லி கொயலு, சுட்டா மேல முட்டி மடக்கி எந்திரிச்சிகினு வரும். அத்த கையில வச்சிகினு நின்னாலே போதும், பாதி பேரு ஓடிருவான். உன் பிரவுனிங்கு இன்னா? இஸ்திரி பொட்டி!"

மறுமுழக்கம் ஒரே நிமிடத்தில் வந்தது. "அழகா இருந்து என்ன பண்றது தம்பி? கொஞ்சம் மண்ணு பட்டா உங்க லூகர் சிக்கிக்கும். எட்டு குண்டு தீந்துபோச்சுன்னா அப்புறம் எதிரிக்கு மூஞ்சிய காட்டுவீங்களா? நம்ம பிரவுனிங்ல பதிமூணு!"

முகத்தைக் குறித்த அந்தச் சொல் பாஸ்கலின் நெஞ்சில் தைத்தது. தைத்த வேகத்தில், சொல்லக்கூடாத ஒன்றை அவன் எழுத்திலேயே சொல்லிவிட்டான். "பின்னாடி குந்திகினு வர்றவனுக்கு இன்னா தெரியும்?"

மறுநாள் காலை நாகப்பன் ஷேர் ஆட்டோவில், மூவர் இருக்கையில் ஐந்தாமவனாக, ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி போனான். பாஸ்கல் தனியே போனான். முதுகுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த அந்த ஓரடி இருக்கை அவனுக்குக் கனத்தது. வழியில் நல்ல நல்ல வாதங்கள் தோன்றின, சொல்ல ஆளில்லை. இருவருமே உள்ளுக்குள் வாடினார்கள். ஆனால் முதலில் பேசினால் தோற்றதாகிவிடுமே என்று இருவருமே வாயைப் பூட்டிக்கொண்டார்கள்.

பத்தாம் நாள் சங்கச் செயலாளரும், தண்ணீர் லாரியையே தன் ஒரு போன் அழைப்பால் திசை திருப்பவல்லவருமான ஜெயசீலி அம்மையார் ஆணை பிறப்பித்தார். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு கேப் துப்பாக்கி வாங்கிகினு வாங்க. தீபாவளி அன்னிக்கி கீழ பார்க்கிங்ல சுடுங்க. சிக்காம சுட்டவரு ஜெயிச்சாரு. தோத்தவரு குரூப்ல மன்னிப்பு கேக்கணும். ஆக்னஸ் சொல்றதுதான் தீர்ப்பு." ஆக்னஸ் முதல் மாடிக்காரி, காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர், அறுபத்துநான்கு வீடுகளிலும் மெய்யான பிஸ்டலைச் சுமந்த ஒரே இடுப்பு அவருடையது.

பாஸ்கல் திருவேற்காட்டுப் பட்டாசுக் கடையில் அரை மணி நேரம் நின்று, ஒல்லிக் குழலும் சாய்ந்த பிடியுமாக ஒரு கேப் துப்பாக்கியைக் கண்டெடுத்தான். நாகப்பன் ஆவடிச் சந்தையில் அகன்ற மார்பினதாக ஒன்றைக் கைப்பற்றினான். இரண்டிலும் போடுவது ஒரே ரோல் கேப்தான்: சிவப்புக் காகிதச் சுருளில் வரிசையாக மருந்துப் பொட்டுகள், விசையை இழுக்க இழுக்க அடுத்த பொட்டு தானே மேலேறி வரும். தானே குண்டேற்றும் குலத்தில் இதுவும் பிறந்ததே என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். படித்தவர்கள் செய்யும் தவறு படிக்காதவர்களுக்கு வாய்ப்பதில்லை. லூகர் நுட்பமான பிறவி, எண்ணெயிட்டுப் பேணாவிட்டால் சிக்கும் என்று நூறு காணொளிகளில் கண்டு தெளிந்த பாஸ்கல், போருக்கு முன் அந்தத் தகரப் பொம்மையை வெள்ளைத் துணியில் கிடத்தி, காது குடையும் பஞ்சால் அதன் உள்ளுறுப்புகள் அனைத்துக்கும் தேங்காய் எண்ணெய் தடவி, போதாதென்று மேலும் நாலு சொட்டு விட்டான். எதிர்வீட்டில் நாகப்பனோ, பிரவுனிங்கின் பெருமையே கொள்ளளவு அல்லவா என்று எண்ணி, ஒரு சுருள் மட்டுமே புகக்கூடிய அறையில் இரண்டு சுருள்களைத் திணித்து, மூடாத மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினான்.

தீபாவளி மாலை ஏழு மணி. மாலையில் ஏழிலிருந்து எட்டுவரை மட்டுமே வெடிக்கலாம் என்பது சட்டம். ஆகவே இந்தப் போருக்கும் ஒரு மணி நேரமே ஆயுள். தூறல் விட்டிருந்தது. கார்களுக்கு நடுவே, மழைநீர்க் குட்டைக்கு இப்பால் பாஸ்கலும் அப்பால் நாகப்பனும் நிற்க, படிக்கட்டெல்லாம் முறுக்குத் தட்டுகளோடு மக்கள் அமர, பந்தோபஸ்து முடித்து அப்போதுதான் திரும்பிய ஆக்னஸ் சீருடையைக்கூடக் கழற்றாமல், மூடிய தண்ணீர்த் தொட்டியின் மேல் நடுவராக வீற்றிருந்தார். அவருக்கு ஒரு காபி கொடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பாஸ்கல் கையை நீட்டினான். அடடா, அந்த நிற்பு! வலது தோள் முன்னே, இடது கை முதுகில், ஒரு கண் மூடி, ஒல்லிக் குழல் வானை நோக்க, அறுபத்துநான்கு வீட்டுக் கைபேசிகளும் அவனைப் படம் பிடித்தன. விசையை இழுத்தான். ணிக். மீண்டும் இழுத்தான். ணிக். சுருள் ஒழுங்காக ஏறி வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் ஒவ்வொரு பொட்டும் எண்ணெயில் ஊறி வடைபோல் மினுமினுத்தது.

நாகப்பன் நகைத்தான். நகைத்தபடியே சுட்டான். டப்! டப்! டப்! படிக்கட்டு ஆர்ப்பரித்தது. நான்காம் முறை விசை நகரவில்லை. இரு கைகளாலும் அவன் இழுக்க, மூடி தெறித்துப் போய்க் குட்டையில் விழ, கசங்கிய சிவப்புக் காகிதம் துப்பாக்கியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பிதுங்கித் தொங்கியது. பதின்மூன்றின் புகழ் மூன்றோடு முடிந்தது.

தீர்ப்பு வேண்டி எல்லோரும் ஆக்னஸைப் பார்த்தார்கள். பாஸ்கலின் கண்ணிலும் நாகப்பனின் கண்ணிலும் ஒரே கலக்கம். யார் தோற்றாலும் மன்னிப்பு, யார் வென்றாலும் அந்தப் பின்னிருக்கை காலி.

ஆக்னஸ் எழுந்தார். "என் பிஸ்டலு அழகா இருக்குதா, எவ்ளோ குண்டுன்னு நான் பாத்ததே இல்லண்ணே. கையெழுத்து போட்டு வாங்குவேன், கையெழுத்து போட்டு திருப்பி குடுப்பேன். நடுவுல இடுப்பு வலிக்கும். அவ்ளோதான் எனக்கு தெரியும்."

இவ்வாறு மொழிந்த அந்த வீராங்கனை, கேப் பெட்டியில் மிஞ்சிய ஒரு புதுச் சுருளை எடுத்து, யாருடைய காருக்கோ முட்டுக்கொடுத்திருந்த கருங்கல்லையும் பற்றி, காய்ந்த தரை பார்த்துக் குத்துக்காலிட்டு அமர்ந்து, சுருளை நீளமாகப் பிரித்து, ஓங்கி ஒரு போடு போட்டார். டப்! அடுத்தது. டப்! அடுத்தது. டப்! ஒன்றுகூடத் தப்பவில்லை.

"கல்லு சிக்காதுண்ணே," என்று கல்லைப் பாஸ்கலின் கையில் வைத்துவிட்டு, அவர் காபி போட வீட்டுக்குப் போனார்.

பாஸ்கல் குத்துக்காலிட்டான். கல்லை ஓங்கினால் காகிதம் சுருண்டுகொண்டது. எதிரே இன்னொருவன் வந்து அமர்ந்து, சுருளின் இரு முனைகளையும் விரலால் அழுத்திப் பிடித்தான். அது நாகப்பன். கல் ஒரு விரற்கடை விலகினால் நகம் போய்விடும். ஆயினும் அவன் விரலை எடுக்கவில்லை.

பாஸ்கல் கல்லை இறக்காமல் சொன்னான். "பின்னாடி குந்திகினு வர்றவன்னு சொன்னேன்ல, அது தப்பு அண்ணாத்தே. பின்னாடி நீ இல்லாம வண்டியே ஓட்ட புடிக்கல."

"மூஞ்சிய சொன்னதும் தப்புதான்," என்றான் நாகப்பன். "அடிங்க தம்பி, எட்டு மணி ஆகப்போகுது."

டப்! விண்ணதிர, மண்ணதிர, மூன்றாம் மாடி முத்துக்குடைகளாம் துணிக்கொடிகள் அதிர, இரு பெருவேந்தரும் ஒரே கல்லின் கீழ் ஒன்றாயினர். இருவரும் கைநழுவவிட்ட லூகரும் பிரவுனிங்கும் குட்டையில் கிடந்தன.

திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு நாகப்பன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பாஸ்கலின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.