லாரியை நிறுத்திய கை

"சத்தியமா சொல்றேன், அது எங்க அம்மாதான்" என்றாள் தையல்காரம்மா.

நூலகத்துக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு லாரி. அதன் முன்னால் ஒரு பெண், இடது கையை ஓங்கித் தூக்கி வழிமறித்து நின்றாள். தெருக்குழாயைப் பிடுங்க வந்த லாரி அது. மூடிப்போன ஸ்டூடியோவின் பழைய நெகட்டிவ்களைத் தெருக்காரர்களே கூடி ஸ்கேன் செய்து, யார் யாரென்று கண்டுபிடித்துப் பெயர் போட்டு, நூலகச் சுவரில் மாட்டத் தயார் செய்துகொண்டிருந்தார்கள்.

தையல்காரம்மா வீட்டில் அம்மாவுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. லாரியை மறித்த கதை மட்டும்தான் உண்டு. அதற்கு இப்போதுதான் ஒரு முகம் கிடைத்திருக்கிறது. அந்த முகத்திலும் பாதியை, தூக்கிய கையின் நிழல் தின்றுவிட்டது.

"உங்கம்மா இடதுகைக்காரங்களா?" என்று கேட்டார் ரிட்டயர்டு டீச்சர். "எங்க மாமியார் இடதுகை. குழாய்ச் சண்டைன்னா முதல் ஆளா நிப்பாங்க. இது அவங்கதான்."

அம்மாவுக்கு வலது கைதான். அந்தக் கை விட்ட அறைகள் தையல்காரம்மாவின் கன்னத்துக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தன. அதற்காக அம்மாவைத் தூக்கி அடுத்த வீட்டு மாமியாருக்குக் கொடுத்துவிட முடியுமா?

"அன்னிக்கு அம்மா வலது கையில வெந்நீர் கொட்டிடுச்சு. தூக்க முடியலை."

நூலகர் படத்தைப் பெரிதாக்கினார். வலது கையில் தளும்பத் தளும்ப ஒரு வாளி.

"வெந்த கையிலயா வாளி?" என்றார் டீச்சர்.

"வெந்தது வேற வருஷம். அம்மாவுக்குப் பொறந்ததுலேர்ந்தே இடது கைதான்."

மூலையில் கையுறை மாட்டிக்கொண்டு நெகட்டிவ்களை ஸ்கேனரில் வைத்துக்கொண்டிருந்த பழைய தபால்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

சாட்சிக்குத் தையல்காரம்மாவின் அண்ணனைக் கேட்கலாமே என்று நூலகர் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"இடது கையா? அம்மா அந்தக் கையால ஒரு தம்ளரைக்கூட எடுத்ததில்லையே" என்றார் அண்ணன்.

தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினாள். "அவருக்கு வயசாயிடுச்சு, பாவம். நேத்து என் பேரையே மறந்துட்டாரு."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, பாப்பா" என்றது போன்.

இனிப் பின்வாங்கினால் மானம் போய்விடும். அம்மாவும் தையல்காரிதான்; அவள் துணி வெட்டிய இடதுகைக் கத்தரியே வீட்டில் இருக்கிறது என்று அடித்துச் சொல்லிவிட்டாள். அப்புறம் கடை கடையாக அலைந்து இடதுகைக் கத்தரி ஒன்றை வாங்கி, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் துருவேற்றி, அடுத்த வாரம் நூலகத்துக்குக் கொண்டுவந்தாள். நூலகருக்கு ஒரே சந்தோஷம். அதைக்கொண்டு ஒரு துணியை வெட்டிக் காட்டச் சொல்லி வீடியோ எடுத்தார். துணி எலி கடித்தாற்போல் வந்தது.

"அம்மா வெட்டினா கோடு போட்ட மாதிரி இருக்கும். எனக்குத்தான் இந்தக் கை வராது" என்று சமாளித்தாள்.

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"உங்க மாமியாரோட கத்தரியோ கரண்டியோ ஏதாவது இருந்தா கொண்டாங்க டீச்சர், பார்ப்போம். லாரியையே நிறுத்தினவ பொண்ணு நான். இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

டீச்சரிடம் எதுவும் இல்லை. 'தெருக்குழாயைக் காத்த இடதுகைக்காரி' என்று படத்துக்கு அடியில் அம்மாவின் பெயரைச் சேர்த்து அடிக்கத் தொடங்கினார் நூலகர். தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் கழித்து அம்மா சுவரில் ஏறப்போகிறாள்.

தபால்காரர் மெதுவாக எழுந்து வந்து கையுறையைக் கழற்றினார்.

"ரெண்டு பேரும் மன்னிக்கணும். அந்த நெகட்டிவை நான்தான் திருப்பி வெச்சுட்டேன், படம் இடம்வலமா மாறிப்போச்சு. அந்தம்மா தூக்கினது வலது கை. அதனால உங்க ரெண்டு பேர் வீட்டு ஆளும் இல்லை. தெருவுல யாருக்காவது வலதுகைக்கார அம்மா இருந்தா வரச் சொல்லுங்க."