பறந்தபடி ஒரு வணக்கம்

எனக்கு மரியாதை கொஞ்சம் அதிகம். என் வாழ்க்கையின் மிகப் பெரிய நாசம் அதனால்தான் நடந்தது என்றால் யாரும் நம்புவதில்லை.

பொத்தேரியில் ஒரு தகரக் கொட்டகையில் நாங்கள் எட்டு பேர் ஜெட் உடை செய்துகொண்டிருந்தோம். முதுகில் ஒரு எஞ்சின், கைக்கு இரண்டு. மாட்டிக்கொண்டு கைகளைக் கீழே நீட்டினால் ஆளைத் தூக்கும். எட்டு பேரில் எடை குறைந்தவள் நான் (நாற்பத்தாறு கிலோ, அதுவும் ஈரத் தலையோடு). அதனால் ஓட்டும் பொறுப்பு எனக்கு. மலையுச்சிக்கும் நடுக்கடல் கப்பலுக்கும் சிப்பாய்களைப் பறக்கவிடப்போகிறோம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் மசியவில்லை.

"கை ரெண்டுலயும் எஞ்சின் இருந்தா துப்பாக்கிய யாரும்மா பிடிப்பா?"

"அதெல்லாம் அடுத்த மாடல்ல பாத்துக்கலாம்ப்பா."

"நாலு நிமிஷத்துல எண்ணெய் தீந்துடும்ங்கற. இந்தச் சத்தத்துக்கு நீ போய்ச் சேர்றதுக்குள்ள எதிரி டீயே போட்டு வெச்சிடுவான்!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை வேலை எனக்குத் தயாராக இருந்தது. "ராணுவம் வேணாம்னு சொல்லிட்டா அந்த ஸ்கூல்ல போய்ச் சேந்துடறேன், போதுமா?" என்று சவால் விட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்தக் கொட்டகையை விட்டால் அப்போது எனக்கு வேறு உலகமே இல்லை.

ராணுவத்திலிருந்து ஒரு கர்னல் பார்க்க வந்தார். ஏரிக்கரையில் சாமியானா பந்தல், போண்டா, சட்னி என்று தடபுடல். அப்பாவையும் முன்வரிசையில் உட்காரவைத்தேன் (அசந்துபோகட்டும் என்று).

தரையிலிருந்து நாலடி எழும்பி, தண்ணீருக்கு மேலே ஒரு சுற்று. வண்டலூர்ச் சிங்கமெல்லாம் அலறியடித்து எழுந்திருக்கும், அப்படியொரு சத்தம். ஆனால் பறந்தேன், சத்தியமாகப் பறந்தேன்! பந்தலுக்கு எதிரே வந்து அந்தரத்தில் நின்றேன். கர்னல் பூரித்துப்போய் எழுந்து, என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

அவ்வளவு பெரிய மனிதர் வணக்கம் சொல்லும்போது சும்மா இருந்தால் வளர்ப்பு சரியில்லை என்று ஆகிவிடாதா? நானும் கைகூப்பினேன்.

கீழே பார்க்கவேண்டிய நான்கு எஞ்சின்களும் பந்தலைப் பார்த்துத் திரும்பின. பந்தல் பறந்தது (அன்று உருப்படியாகப் பறந்தது அதுதான்). போண்டாத் தட்டு பின்னாலேயே போனது. சட்னி கர்னலின் மார்பில், பதக்கங்களுக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. நான் பின்பக்கமாகவே போய் ஏரியில் ஆகாயத்தாமரைக்கு நடுவே மல்லாந்தேன்.

செருப்போடு தண்ணீரில் முதலில் இறங்கியவர் அப்பா. அடுத்தவர் கர்னல். இருவருமாக என்னைக் கரைக்கு இழுத்தார்கள்.

"நல்லா பறந்தீங்கம்மா," என்றார் கர்னல், நிஜமான வருத்தத்தோடு. "ஆனா ஒரு கும்பிடு போடக்கூடக் கை இல்லாதவனை நான் எப்படிச் சண்டைக்கு அனுப்புவேன், சொல்லுங்க?"

வேண்டாம் என்று கடிதம் வருமுன்பே எனக்குப் புரிந்துவிட்டது. வீடு திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து தேம்பினேன். அப்பா ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக வண்டியை நிறுத்தினார். 'நான் அப்பவே சொன்னேனே' என்பார் என்று காத்திருந்தேன்.

"ஸ்கூலுக்கு ஒரு வாரம் கழிச்சுப் போம்மா, பரவால்ல. நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் எவன் நாலடி பறந்திருக்கான்?" என்றார். அதற்கும் சேர்த்து அழுதேன்.

இப்போது நான் அந்தப் பள்ளியில்தான் இருக்கிறேன். ஆனால் இன்றைக்கும் எந்தக் கல்யாண மண்டப வாசலில் நான் கைகளைச் சேர்த்தாலும், பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்துவிடும்:

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பாப்பா வணக்கம் சொல்லப் போறா!"

சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் தள்ளி நிற்கிறார்கள்.