ரேஷ்மி டிரேடர்ஸ் கொடுத்த சான்றிதழ்

"அண்ணா, இதை அமெரிக்காவுக்கு அனுப்பினா நம்ம ஆபீஸையே இழுத்து மூடச் சொல்லிடுவா" என்றாள் மாளவிகா. கம்பெனியில் விசா காகிதங்களைப் பார்ப்பவள் அவள். கோட்டை அக்ரஹாரத்துப் பெண். சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள்.

கோலப்பன் கடிதத்தை வாங்கி இன்னொரு தடவை பார்த்தான். உச்சியில் பிள்ளையார் சுழி. அடுத்து, 'ரேஷ்மி டிரேடர்ஸ், மல்லி, மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம், ஆரியசாலை.' அதற்குக் கீழே அவனுடைய மாமனார் திரவியம் கைப்பட எழுதியிருந்தார்: 'கோலப்பன் எங்கள் கடையில் மூன்று வருடம் நின்றான். தங்கமான பையன். ஏணியில் ஏறச் சொன்னால் ஏறுவான். கம்ப்யூட்டரும் பார்ப்பான்.'

கழக்கூட்டத்து மென்பொருள் கம்பெனியில் கோலப்பனுக்கு ஒன்பது வருட சர்வீஸ். அமெரிக்கா அனுப்ப அவன் பெயரைத்தான் சொல்லியிருந்தார்கள். ஆனால் பாவி, படித்தது தாவரவியல். கணினிப் படிப்பு இல்லாவிட்டால் பன்னிரண்டு வருட அனுபவத்தையாவது காட்ட வேண்டுமாம். குறைகிற மூன்று வருடம் மாமனார் கடையில் கிடந்தது.

அமெரிக்கா மேல் அவனுக்கு அப்படியொன்றும் மோகம் இல்லை. கல்யாண வீடுகளில் திரவியம் அவனை, "நம்ம கடையில நின்ன பயதான், மகளைக் கெட்டிக்கிட்டான்" என்றே அறிமுகப்படுத்துவார். எட்டு வருடமாக இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒரே ஒரு தடவை அந்த வாயால் 'அமெரிக்கா மாப்பிள்ளை' என்று வந்துவிட்டால் போதும், ஜென்மம் சாபல்யம்.

அன்றைக்கே அவன் நல்ல கம்ப்யூட்டர் வார்த்தைகளாகப் பொறுக்கிப் போட்டுப் புதுக் கடிதம் அடித்துக்கொண்டு ஆரியசாலைக்கு ஓடினான்.

"ஏணியைப் பத்தி ஒண்ணையும் காணல்லியே, கோலப்பா?"

"அது வேண்டாம் மாமா."

"உள்ளதைத்தானடே எழுதினேன்" என்று முனகிக்கொண்டே திரவியம் கையெழுத்துப் போட்டார்.

மாளவிகா அதையும் திருப்பிவிட்டாள். "கடை லைசென்ஸ்ல முதலாளி பேரு ரேஷ்மின்னா இருக்கு? இவர் கையெழுத்து செல்லாது அண்ணா."

ரேஷ்மி வேறு யாருமில்லை, கோலப்பனின் மனைவிதான். அவள் பிறந்தபோது, இந்தக் குழந்தை பெயரில் தொட்டதெல்லாம் துலங்கும் என்று ஜோசியர் சொல்லிவைத்தார். அந்த வாரமே கடையின் பெயர்ப்பலகை மாறியது. அவளுக்குப் பதினெட்டு முடிந்ததும் லைசென்ஸும் மாறியது. மாமனார் முதலாளி என்று நினைத்துத்தான் கோலப்பன் மூன்று வருடம் பயந்து நடுங்கியிருக்கிறான்.

"அப்பம் அத்தான் எனக்க கீழேயா வேலை பாத்திய?" என்று ரேஷ்மி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே கையெழுத்தும் போட்டாள்.

"போச்சு! பொண்டாட்டி ஆம்படையானுக்குக் குடுத்த சர்டிபிகேட்டா?" மாளவிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். "சந்தேகப்படுவா அண்ணா. மன்னி என்ன படிச்சிருக்கா, கடையில கம்ப்யூட்டர்ல அப்படி என்ன வேலை, எல்லாம் விலாவாரியா எழுதி வாங்கிண்டு வாங்கோ. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லியாகணும், கேட்டேளா?"

ரேஷ்மி எம்.சி.ஏ. அந்தச் சான்றிதழ்களோடு பதினோரு பக்கம் எழுதித் தந்தாள். எந்த மூடை முதலில் வந்தது, எதை முதலில் விற்க வேண்டும், எந்த வற்றலில் ஈரம் ஏறுகிறது என்று கடைக் கம்ப்யூட்டர் சொல்கிற அத்தனையும், அந்த புரோகிராமை எழுதியது யார் என்பதும் அதில் இருந்தது.

"உள்ளது உள்ளபடி எழுதியிருக்கேன். ஒருக்கா வாசிச்சுப் பாத்துட்டு அனுப்புங்க அத்தான்."

இரண்டாம் பக்கத்திலேயே அவனுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அப்படியே அனுப்பிவிட்டான்.

மறுநாளே கம்பெனியின் அமெரிக்க ஆபீஸிலிருந்து பதில். சான்றிதழ் கொடுத்த அம்மாளிடம் வீடியோவில் பேச வேண்டுமாம். கோலப்பன் பக்கத்தில் இருக்கக் கூடாதாம்.

சாயங்காலம் கடையின் பின்னறையில் ரேஷ்மி பேசிக்கொண்டிருந்தாள். வெளியே கோலப்பன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். வெள்ளைக்காரன் வந்திருக்கிறான் என்றதும் திரவியம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே நுழைந்துவிட்டார். கோலப்பன் ஏணியிலிருந்து வற்றல் குவியலில் விழுந்து ஒரு வாரம் தும்மிய கதையை அவர் தும்மியே நடித்துக் காட்டுவது வெளியே கேட்டது. கோலப்பன் அப்படியே மல்லி மூடையில் உட்கார்ந்துவிட்டான்.

ஒரு மணி நேரம் கழித்து ரேஷ்மி வந்தாள்.

"என்ன கேட்டாவ?"

"என்னெல்லாமோ கேட்டாவ. கடைசியில, குடும்பத்தோட அமெரிக்கா வரச் சம்மதமாண்ணு கேட்டாவ. அத்தான் கூட உண்டும்னா எனக்குச் சம்மதம்னேன்."

கோலப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. விசா கிடைக்காமல் போனாலும் போகட்டும், இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும்?

வெள்ளிக்கிழமை மாளவிகா போன் செய்தாள். "கங்கிராட்ஸ் அண்ணா! அமெரிக்கா ஓகே ஆயாச்சு! உங்களுக்கு டிகிரியே வேண்டாம்னுட்டா!"

மேலே கேட்க அவன் அங்கே இருந்தால்தானே? அரை நாள் லீவு போட்டு, பஸ் பிடித்து, கிழக்கேகோட்டையில் இறங்கி இரண்டு டஜன் போளி வாங்கிக்கொண்டு ஆரியசாலைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

விஷயத்தைக் கேட்ட திரவியம் தெருவுக்கே இறங்கிவிட்டார். "வே உச்சிமாகாளி! கேட்டீரா? நம்ம மருமவன் அமெரிக்கா போறாரு! டிகிரியும் வேண்டாமாம்! இனி அவரு அமெரிக்கா மாப்பிள்ளையாக்கும்!"

எட்டு வருடம் காத்திருந்த சொல். கோலப்பன் எல்லோருக்கும் போளி கொடுத்தான். சுமை இறக்குபவர்களுக்கு இரண்டிரண்டு கொடுத்தான்.

எதிர்க் கடை வெல்ல வியாபாரி உச்சிமாகாளி போளியை மென்றுகொண்டே, "கம்ப்யூட்டர் டிகிரி இல்லாம அமெரிக்காக்காரன் எப்படிவே விடுவான்?" என்றார்.

கோலப்பன் அலட்சியமாகச் சிரித்துவிட்டு மாளவிகாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டான். "மாளவிகா, எனக்கு ஏன் டிகிரி வேண்டாம்னு சொன்னாங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லு, இங்க எல்லாரும் கேக்கட்டும்."

"வேலையை அவா மன்னிக்குன்னா குடுத்திருக்கா அண்ணா! ஆத்துக்காரியோட துணைக்குப் போறவாகிட்ட டிகிரியெல்லாம் கேக்க மாட்டா!"