காஹாங் கண்ணையா குடும்பத்துக்கு விருது

தென் ஜோகூர் இந்தியர் குடும்ப நல்லிணக்க மன்றம் ஆண்டுதோறும் ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து 'முன்மாதிரிக் குடும்பம்' என்று விருது கொடுத்துக் கௌரவிக்கிறது. குளுவாங்கில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இயங்கும் இந்த மன்றம் மட்டும் இல்லாவிட்டால் நம் குடும்பங்கள் என்ன கதிக்கு ஆளாகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. போன வருடம் விருது வாங்கிய குடும்பம், கேடயத்தை யார் வீட்டு ஷோகேஸில் வைப்பது என்று சண்டை போட்டு மூன்று குடும்பமாகப் பிரிந்தது. மன்றம் அதை ஆண்டறிக்கையில் 'வளர்ச்சி' என்ற தலைப்பின் கீழ் சேர்த்துக்கொண்டது.

மன்றத் தலைவர் டத்தோ திருச்செல்வம். டத்தோ பட்டம் இன்னும் வரவில்லை. வந்த பிறகு எல்லாரும் புதிதாகப் பழகிக்கொள்ளச் சிரமப்படக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் இப்போதே அப்படிக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். பொங்கல் விழாவில் அவர் தீபாவளி வாழ்த்துச் சொன்னபோது, காதோரம் போய்த் திருத்தியவர் அந்த வாரமே நாற்காலி அடுக்கும் குழுவுக்குத் தலைவராக உயர்த்தப்பட்டார். அதற்குப் பிறகு டத்தோ தவறு செய்து யாரும் பார்த்ததில்லை.

இந்த வருட விருதுக்கு லாபிஸ் பேச்சியம்மாளின் குடும்பத்தைச் செயலாளர் வாசுகி பரிந்துரைத்திருந்தாள். பேச்சியம்மாளின் கணவர் தங்கராஜுவுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் போய்விட்டது. பேச்சியம்மாள்தான் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, அவரைத் தூக்கிக் குளிக்க வைத்து, காற்றாட வாசலில் உட்கார வைப்பார். தூக்கித் தூக்கி இப்போது பேச்சியம்மாளுக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. இம்முறை விருதோடு ஒரு பேட்டரி சக்கர நாற்காலியும் உண்டு. "நாற்காலி உங்களுக்குத்தான்க்கா" என்று வாசுகி முன்கூட்டியே வாயை விட்டிருந்தாள். பேச்சியம்மாள் அதை நம்பி வாசற்படியை உடைத்து, நாற்காலி இறங்கச் சரிவாகச் சிமெண்டு பூசி வைத்துவிட்டார்.

செயற்குழுவில் எல்லாம் முடிவாகும் நேரத்தில் டத்தோ தொண்டையைச் செருமினார்.

"நான் வெள்ளிக்கிழமையானா வாழையிலைக் கடைக்குச் சாப்பிடப் போவேன். அங்க டிவில ஒரு குடும்பத்தைக் காட்டுறாங்க. வாசல் கேட்டுலேயே 'கண்ணையா இல்லம், காஹாங்'னு பலகை இருக்கு. கடைச் சத்தத்துல என்ன பேசுறாங்கன்னு கேக்காது. ஆனா, அலமாக், என்ன ஒத்துமை!"

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது ஊரே வேலையைப் போட்டுவிட்டுப் பார்க்கும் குற்றத் தொடர். மூத்த மகன் ரமணன் கொலை செய்வான். குடும்பமே சேர்ந்து மறைக்கும். ரமணன் போடும் கறுப்புச் சட்டைதான் இந்தத் தீபாவளிக்கு ஃபேஷன். நாடகம் பார்ப்பது தலைவர்களுக்கு அழகல்ல என்று கருதும் டத்தோ ஒருவருக்குத்தான் இது எதுவும் தெரியாது.

"மகன் நேரங்கெட்ட நேரத்துல வீட்டுக்கு வர்றான். அம்மா ஒரு வார்த்தை கேக்கல. அவன் சட்டையைக் கழட்டி வாங்கித் தன் கையாலேயே துவைக்குது! அப்பா உடனே மகன் காரைக் கழுவுறாரு. இந்தக் காலத்துல எந்த அப்பாலா கழுவுவாரு? அப்புறம் சித்தப்பா, தங்கச்சி எல்லாரும் மண்வெட்டியோட செம்பனைத் தோட்டத்துக்குள்ள போய், ஊரே கூடிச் செய்யுற கோத்தோங் ரோயோங் மாதிரி குழி வெட்டுறாங்க. மரம் நடுறாங்கன்னு நினைக்கிறேன்."

"போலீஸ் வரலையா டத்தோ?" என்று பொருளாளர் தன்னை மறந்து கேட்டுவிட்டார்.

"ஏன் வரல? போலீஸுக்கும் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து உக்கார வைக்கிறாங்க. அதுக்குப் பேருதான் விருந்தோம்பல்."

வாசுகி வாயைத் திறந்தாள். துணைத் தலைவர் மனோகரன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார்.

"பிரமாதம் டத்தோ, நான் வழிமொழிகிறேன்," என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

படியிறங்கும்போது வாசுகி மனோகரனைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்ணே சொல்ல விடல?"

"நாற்காலி அடுக்கப் போறியா?"

"அப்ப பேச்சியம்மாக்கா குடும்பம்?"

"அவங்க குடும்பம் அடுத்த வருஷமும் இருக்கும்லா. சீரியல் அதுக்குள்ள முடிஞ்சிரும்."

தொடரைத் தயாரித்த நிறுவனத்துக்குச் செலவில்லாத விளம்பரம் கசக்குமா? விழாவுக்கு ரமணனும் அம்மாவும் வேஷத்தோடேயே வந்து இறங்கினார்கள். மன்றத்தின் வரலாற்றில் முதல்முறையாக மண்டபம் நிரம்பியது. கொலைகாரனோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை வாசல் வரை நின்றது. கைக்குழந்தையை அவன் மடியில் வைத்து ஆசீர்வாதம் வாங்கினார்கள் தாய்மார்கள். டத்தோ ரமணனுக்குப் பொன்னாடை போர்த்தி, சக்கர நாற்காலியை ஒப்படைத்து, "நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இவரைப் போல் வர வேண்டும்" என்று நா தழுதழுக்கப் பேசி அமர்ந்தார்.

அடுத்து, குடும்பத்தைப் பற்றிய சிறு காணொளி. டத்தோ முதன்முறையாக அந்தக் குடும்பத்தைச் சத்தத்தோடு பார்த்தார்.

"அம்மா, இதோட நாலாவது பொணம்மா."

"கையக் கழுவிட்டு வா ராசா. சோறு ஆறுது."

மண்டபம் விசிலடித்தது. டத்தோவுக்கு வியர்த்துக் கொட்டியது. எழுந்து மேடைக்குப் பின்னால் போனார். செயற்குழு மொத்தமும் பின்னாலேயே ஓடியது.

"கொலைகாரனுக்காய்யா பொன்னாடை போட்டேன்? ஒருத்தருக்குமா தெரியாது?"

எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மனோகரன்தான் அவர் தோளைத் தொட்டார்.

"நீங்க ஒன்னும் கவலைப்படாதீங்க டத்தோ. நாங்க எதுக்கு இருக்கோம்? நம்ம மன்றம் ஒரு குடும்பம்."

குடும்பம் வேலையில் இறங்கியது. பொருளாளர் வாட்ஸ்அப் குழுவில் இருந்ததையெல்லாம் அழித்தார். மகளிர் பிரிவுத் தலைவி, டத்தோ படபடப்பில் கோட்டில் கொட்டிக்கொண்ட காப்பியைத் தன் கையாலேயே துவைத்தார். நாற்காலி அடுக்கும் குழுவின் தலைவர் மண்வெட்டி தேடி எடுத்துவந்து, விருது வாசகம் எழுதிய பதாகையை மண்டபத்துக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தார். விசாரிக்க வந்த நிருபருக்கு மனோகரன் தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்தார்.

"குடும்பத்தைத் தேர்ந்தெடுத்த அன்னிக்கு டத்தோவுக்குக் காய்ச்சல். வீட்டை விட்டே வெளிய வரல," என்றார்.

சக்கர நாற்காலி மட்டும் தயாரிப்பு நிறுவனத்தின் வேனில் ஏறிப் போய்விட்டது. திருப்பிக் கேட்டால் ஏன் கொடுத்தீர்கள் என்ற கேள்வி வரும். அது வந்தால் யார் கொடுத்தது என்ற கேள்வியும் வரும். ஆகவே கேட்பதில்லை என்று குடும்பம் முடிவு செய்தது.

அடுத்த நாள் வாசுகி லாபிஸுக்குக் கிளம்பினாள். உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். வாசலில் அந்தச் சிமெண்டுச் சரிவு பளிச்சென்று காய்ந்திருந்தது. தங்கராஜு தலை வாரி, சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நாற்காலி பின்னால லாரில வருதாம்மா?" என்றார் பேச்சியம்மாள்.

வாசுகி குனிந்து செருப்பைக் கழற்றினாள். வெட்கத்தில் நிமிர முடியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் மனோகரனின் செய்தி வந்து விழுந்தது. 'பார்த்துப் பேசு. நீயும் நம்ம குடும்பம்தான்.'

"கடையில சரக்கு இல்லயாம்க்கா," என்றாள் வாசுகி. "அடுத்த வருஷம் கண்டிப்பா."

"அதுக்கென்னம்மா. டத்தோ நல்லா இருக்காரா? பாவம், காய்ச்சல்னாங்க."

வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் வழக்கம்போல் கணவரைத் தூக்கி வந்து டிவிக்கு முன்னால் உட்கார வைத்தார். ரமணன் ஐந்தாவது பிணத்தைப் போர்வை போட்டு மூடி, ஒரு புத்தம் புதிய பேட்டரி சக்கர நாற்காலியில் வைத்துத் தோட்டத்துக்குள் ஓட்டிக்கொண்டு போனான். முதுகுப் பக்கம் மன்றத்தின் பெயர் ஒட்டியிருந்தது.

"ஏங்க, அது நம்ம மன்றத்து நாற்காலில்ல? பேரு இருக்கு பாருங்க!"

"சத்தம் போடாத பேச்சி. வாசல்ல போலீஸ் நிக்குது. அந்தம்மா மட்டும் ஏதாவது பொய் சொல்லலன்னா புள்ள வசமா மாட்டிக்குவான்."

பேச்சியம்மாளுக்கும் பகீரென்றது. வலிக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாவின் வாயில் நல்ல பொய்யாக வர வேண்டும் என்று மாரியம்மனை மனதார வேண்டிக்கொண்டார்.